தர்மபுரி ஞாயிற்றுக்கிழமை சிவிக்ஸ் வகுப்பு: ஐந்நூறு ரூபாய்க்குத் தேறுமா?

முதலில் ஒரு எச்சரிக்கை. குரூப் 4, குரூப் 2 பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், பாலிட்டி பகுதி இங்கே முடிந்துவிடும் என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள். எங்கள் பேட்சில் அப்படி வந்த பையன்கள் சிலர் இரண்டாவது வாரமே காணாமல் போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நோட்டீஸில் 'அரசியலமைப்பு, உள்ளாட்சி, குடிமக்கள் உரிமை' என்று போட்டிருந்தால் தர்மபுரியில் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்கள், ஏறிப் பார்க்கிற மாடியெல்லாம் கோச்சிங் சென்டராக இருக்கிற ஊரில்?

நடத்துபவர் பி.எட். கல்லூரியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. நான்கு ரோடு பக்கம் ஒரு மாடி ஹால், ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, பத்து வாரம், மொத்தமாக ஐந்நூறு ரூபாய். சர்டிபிகேட் கிடையாது. கேட்டவர்களிடம், "அதை வைத்து என்ன செய்யப் போறீங்க, ஃபிரேம் போடவா?" என்று சிரித்தார்.

நான் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்று போர்டு போட்டிருந்தாலும் மனு டைப் அடிப்பதில்தான் பாதி வருமானம். பட்டா மாறுதல், வாரிசு சான்று, முதியோர் பென்ஷன், பக்கத்து வயல்காரன் வரப்பை வெட்டிவிட்டான், இப்படி. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் அன்று காலை கடையில் நிற்க இடம் இருக்காது. மனு எழுதத் தெரிந்த எனக்கு இந்த வகுப்பில் என்ன புதிதாக இருக்கப் போகிறது என்ற நினைப்போடுதான் போனேன். இருந்தது. குறையும் இருந்தது. இரண்டையும் சொல்கிறேன்.

முதல் வாரம் முழுக்க அவருடைய சொந்தக் கதை. இது கொஞ்சம் அதிகம் என்றுதான் சொல்வேன், மூன்று மணி நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கியிருக்கலாம். ஆனால் அதில் நல்ல விஷயங்கள் இருந்தன. பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் வாத்தியாராகத்தான் ஆரம்பித்திருக்கிறார், கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியாத காலம் அது. வரலாறு, புவியியல் எல்லாம் முடித்த பிறகு பரீட்சைக்கு முந்தின வாரம் அவசர அவசரமாக நடத்தும் பாடம்தான் குடிமையியல். ஊராட்சி மன்றம், தலைவர், வார்டு உறுப்பினர் என்று போர்டில் எழுதிப் போடுவாராம். வெளியே போய்ப் பார்த்தால் ஊராட்சியில் ஆளே இல்லை, ஏனென்றால் தமிழ்நாட்டில் 1970-க்குப் பிறகு 1986-இல்தான் ஊராட்சித் தேர்தல் நடந்தது. "இல்லாத ஒன்றை இருக்கிற மாதிரி நடத்தினேன், பிள்ளைகளும் அஞ்சு மார்க் வாங்கினார்கள்" என்றார். அந்த உறுத்தல்தான் அவரை எம்.எட்., அப்புறம் ஆராய்ச்சி, அப்புறம் ஆசிரியர் பயிற்சி என்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

பி.எட். மாணவர்களுக்குக் கற்பித்தல் பயிற்சி வகுப்பில் அவர் உட்கார்ந்து கவனித்த கதைகள் நன்றாக இருந்தன. ஜனநாயகம் பற்றிப் பாடம் எடுக்கிற பயிற்சி ஆசிரியர், கேள்வி கேட்ட பையனை "வாயை மூடிக்கிட்டு உட்காரு" என்று அதட்டிவிட்டு, அடுத்த வரியில் பேச்சுரிமை என்று போர்டில் எழுதுவாராம். பாடக் குறிப்பேட்டில் எல்லாப் படிகளும் சரியாக இருக்கும், சார்ட், மாதிரி, ஃபிளாஷ் கார்டு எல்லாம் இருக்கும், அதனால் மார்க் போட்டே ஆக வேண்டும். இந்த சிவிக்ஸ் பாடமே வெள்ளைக்காரன் காலத்தில் ஜனங்கள் அரசுக்கு விசுவாசமாக இருக்கக் கற்றுக்கொடுக்க வந்தது, அந்த வாசனை போகவே இல்லை என்பது அவருடைய வாதம். 2005-இல் வந்த தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே இதை எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் என்சிஇஆர்டி ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை சிவிக்ஸ் என்ற பெயரையே எடுத்துவிட்டுச் சமூக, அரசியல் வாழ்க்கை என்று புத்தகம் போட்டது. நம் மாநிலப் பாடநூலில் குடிமையியல் என்ற பெயரே இருக்கிறது.

சரி, வகுப்புக்கு வருவோம்.

இரண்டாவது வாரம் உள்ளே நுழைந்ததும் ஒரு நீள நோட்டை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வருகைப் பதிவு என்று எல்லோரும் போட்டோம். காரிமங்கலம் பக்கமிருந்து வரும் ஒரு பெரியவர், கண்ணாடி கொண்டு வரவில்லை என்று பக்கத்துப் பையனையே அவர் பெயரை எழுதச் சொன்னார். பன்னிரண்டரை மணிக்கு சார் அந்த நோட்டை எடுத்து எங்கள் கையெழுத்துகளுக்கு மேலே காலியாக விட்டிருந்த இடத்தில் ஏதோ எழுதி, சத்தமாகப் படித்தார்: "பொருள் ஒன்று. இந்த வகுப்பின் கட்டணத்தை ஆயிரம் ரூபாயாக உயர்த்த உறுப்பினர்கள் ஏகமனதாகத் தீர்மானிக்கிறார்கள்." ஹாலில் ஒரே கூச்சல். ஒரு தம்பி எழுந்து "இது ஏமாத்து வேலை சார்" என்றே சொல்லிவிட்டான். "நீ கையெழுத்துப் போட்டிருக்கியே தம்பி" என்றார். காரிமங்கலம் பெரியவர் மட்டும் அசரவில்லை. "எங்க ஊர்ல வருசா வருசம் இப்படித்தான் நடக்குது, நாங்க டீ குடிச்சிட்டு வந்துடுவோம்" என்றார்.

கிராம சபை பற்றி அதற்கு மேல் ஒரு பாடம் தேவையே இல்லை. இருந்தாலும் நடத்தினார். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்துக்கு நான்காக இருந்தது, பிறகு மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்து ஆறானது. குறைவெண் வரம்பு என்று ஒன்று இருக்கிறது: ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. இவ்வளவு பேர் வராமல் நடந்தால் அது கூட்டமே இல்லை. வருகைக் கையெழுத்து முதலிலும், தீர்மானத்தை எழுதி வாசித்துக் காட்டிய பிறகு அதன் கீழே தனியாகக் கையெழுத்தும் வாங்கச் சொல்லுங்கள், நடுவில் இடம் விட்டால் கோடு கிழிக்கச் சொல்லுங்கள் என்றார். அந்தக் கோடு கிழிக்கிற யோசனை ஒன்றுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்று நினைக்கிறேன். என் கடைக்கு வரும் வெற்றுப் பத்திரக் கையெழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு தர்மபுரித் தொகுதியில்தான், 81.20 சதவீதம். மத்திய சென்னையில் 53.96. இதைச் சொன்னதும் ஹாலில் எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. அவர் விடவில்லை. "ஓட்டுப் போட வரிசையில் நிற்கிறோம், அன்னைக்கு பெங்களூர்ல இருந்துகூட பஸ் பிடிச்சு வர்றோம். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு நம்ம தெருவிலிருந்து எத்தனை பேர்?" என்று ஆள் ஆளாகக் கேட்டார். எங்கள் வரிசையில் கை தூக்கியது இரண்டே பேர். ஊராட்சிகளுக்கு 2016 அக்டோபரில் காலம் முடிந்து 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்ததும், அப்படி வந்தவர்கள் காலமும் 2025 ஜனவரியில் முடிந்து தனி அலுவலர் கைக்குப் போனதும் நமக்குத் தெரியும், ஆனால் அதற்காக ஒரு மனு எழுத என் கடைக்கு யாரும் வந்ததில்லை. நூறு நாள் வேலைக் கூலி வரவில்லை என்றால் வருவார்கள்.

தகவல் உரிமைச் சட்டம் நடத்திய வாரங்கள்தான் எனக்குச் சரியான தீனி. 2005-இல் வந்த சட்டம், பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதினால் முப்பது நாளில் பதில் தர வேண்டும், இதெல்லாம் எனக்குத் தெரியும். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். ஆனால் கேள்வியை எப்படி எழுதுவது என்று அவர் சொல்லிக்கொடுத்த விதம் வேறு. எல்லோரையும் ஒரு மனு எழுதச் சொன்னார். பக்கத்தில் இருந்த டெய்லர் அக்கா இப்படி எழுதியிருந்தார்: 'எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் சிமெண்ட் ரோடு போடவில்லை, இதற்கு யார் பொறுப்பு, தயவுகூர்ந்து நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்.' சார் அதைப் போர்டில் எழுதி ஒவ்வொரு சொல்லாக அடித்தார். 'ஏன்' என்று கேட்டால் 'விளக்கம் அளிக்க இயலாது, ஆவணமாக உள்ள தகவலே தரப்படும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 'நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்' என்றால் அது தகவல் மனுவே இல்லை, குறைதீர் மனு. கடைசியில் போர்டில் நின்றது இது: அந்தத் தெருவில் இன்ன நிதியாண்டில் எடுத்த பணிகளின் பெயர், ஒதுக்கிய தொகை, பணி ஆணையின் நகல், எம் புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தில் அந்தப் பணிக்கான பக்கங்களின் நகல். அவ்வளவுதான். ரோடு போடாமலே பில் போட்டிருந்தால் அந்த எம் புக் பக்கத்தில் நீளம், அகலம், கனம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தெருவை அளந்தால் போதும்.

எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தப்பான ஆபீசுக்கு அனுப்பியிருந்தாலும் அவர்களே ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும், முப்பது நாளில் பதில் வராவிட்டால் அதற்கடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையின் மேல் அதிகாரிக்கு முதல் மேல்முறையீடு. என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் மனுவோடு சோர்ந்துபோய் விட்டுவிடுகிறார்கள். இப்போது என் கடையில் மனுவைப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கும்போதே காலண்டரில் முப்பதாவது நாளை வட்டம் போட்டுக்கொடுக்கிறேன். வியாபாரமும் கொஞ்சம் கூடியிருக்கிறது, மறைப்பானேன்.

ஆன்லைன் விஷயங்களில் சார் வீக். எந்த போர்ட்டலில் எந்த பட்டன் என்று கேட்டால் "அதெல்லாம் பிள்ளைங்க பார்த்துக்குவாங்க" என்று நழுவிவிடுகிறார். மனு எண்ணை வைத்து நிலையைப் பார்ப்பது, ஓடிபி வராவிட்டால் என்ன செய்வது, இதெல்லாம் இன்றைக்குப் பாதிச் சண்டை. வாக்காளர் பட்டியல் வகுப்பில் படிவம் 6 புதிய பெயருக்கு, படிவம் 8 திருத்தத்துக்கும் முகவரி மாற்றத்துக்கும், பதினேழு முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம் என்று வேகமாக முடித்துவிட்டார். 18 வயதில் ஓட்டு என்பது 1989-இல் வந்தது, தனக்கெல்லாம் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்ற கதையில்தான் அவருக்கு ருசி அதிகம்.

உத்திரமேரூர் குடவோலை பற்றிய வகுப்பு எதிர்பார்த்த மாதிரி இல்லை, நல்லவிதமாகச் சொல்கிறேன். பத்தாம் நூற்றாண்டிலேயே தமிழன் தேர்தல் நடத்தினான் என்று கைதட்டிவிட்டுப் போகும் விஷயம் அது. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடும்பு என்கிற முப்பது வார்டு, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது. அவர் தகுதிகளையும் வரிசையாக எழுதிவிட்டு, "இந்த ஹாலில் யாரெல்லாம் நிற்க முடியும், எழுந்து நில்லுங்கள்" என்றார். வரி கட்டும் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் சொந்த நிலம் இருக்கணும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கணும், வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதம் படித்திருக்கணும். ஒருவரும் நிற்கவில்லை. பெண்கள் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்புறம் அதே கல்வெட்டில் இருக்கும் இன்னொரு விதியைச் சொன்னார்: பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்கவே கூடாது. அதற்கு மட்டும் பலத்த கைதட்டல். பெருமையையும் குறையையும் ஒரே பாடத்தில் இப்படி வைத்துக் காட்டுவதைத்தான் இத்தனை வருடம் பி.எட். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார் போல. அன்றைக்கு அவர் முழு ஃபார்மில் இருந்தார்.

இனி நான் ஸ்டாரைக் குறைத்த இடம்.

அரசியலமைப்பு வகுப்பில் அம்பேத்கரைப் பற்றி நன்றாகவே பேசினார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், இந்திய மண் அடிப்படையில் ஜனநாயகத் தன்மை இல்லாதது, அதன் மேல் போட்ட மேலுரம்தான் ஜனநாயகம் என்ற கருத்தை அம்பேத்கர் சொன்னதை எடுத்துக்காட்டினார். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி என்ற தத்துவப் பேராசிரியரிடம் அம்பேத்கர் படித்தது, வகுப்பறையே ஒரு சின்ன ஜனநாயகமாக இருக்க வேண்டும் என்பது டூயியின் எண்ணம், எல்லாம் வந்தது. ஒரு பெண், நர்சிங் படிக்கிறாள், எழுந்து கேட்டாள்: "சார், நம்ம ஊர் மண்ணு எப்படி?" அவ்வளவுதான் கேட்டாள். எல்லோருக்கும் புரிந்தது. 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம், சாதி மாறி நடந்த ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி, நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் தலித் காலனி வீடுகளை எரித்தது இந்த மாவட்டத்தில்தானே. சார் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்துவிட்டு, "அது பெரிய விஷயம்மா, தனியாப் பேசணும்" என்று சொல்லி டீ பிரேக் விட்டுவிட்டார். பத்து வாரம் முடிகிற வரை அந்தத் தனிப் பேச்சு வரவில்லை.

அவருக்குப் பயம் என்று நான் சொல்லவில்லை. ஹாலில் எல்லாப் பக்கத்து ஆட்களும் இருந்தார்கள், பேச்சு முற்றினால் அடுத்த வாரம் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்ற கணக்கு இருந்திருக்கலாம். ஆனால் பேச்சுரிமையை எழுதிவிட்டுப் பையனை அதட்டிய பயிற்சி ஆசிரியரைக் கதை கதையாகச் சொன்னவர் இவர். கிராம சபையில் சில தெரு ஆட்கள் ஏன் கடைசி வரிசையில் நின்றுகொண்டே இருக்கிறார்கள், ரிசர்வ் ஊராட்சியில் தலைவர் நாற்காலியில் யார் உட்காருகிறார், கையெழுத்து யார் போடுகிறார், இதைத் தொடாமல் தர்மபுரியில் குடிமையியல் எப்படி நடத்துவது? தீர்மான நோட்டில் கோடு கிழிக்கக் கற்றுக்கொடுக்க முடிந்தவருக்கு இதற்கும் ஒரு வழி தெரியாமல் இருக்காது. அந்த நர்சிங் பெண் அடுத்த இரண்டு வாரம் வந்தாள், பிறகு வரவில்லை. காரணம் கேட்க என்னிடம் அவள் நம்பர் இல்லை.

அடுத்த புகார் நேரம். ஞாயிறு காலை பத்து மணி என்றால் எந்த வீட்டுப் பெண்ணால் வர முடியும்? கறி எடுத்து வந்து அடுப்பில் ஏற்றுகிற நேரம் அது. உள்ளாட்சியில் பெண்களுக்கு ஐம்பது சதவீத ஒதுக்கீடு, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள் என்று அவரே பாடம் நடத்துகிறார், எதிரே உட்கார்ந்திருப்பதில் நாங்கள் ஒரு வரிசைகூட இல்லை. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை அடுப்படியைப் பார்த்துக்கொண்டதால் நான் போனேன், அதற்கு அவர் அடித்த கமெண்டை எல்லாம் இங்கே எழுத முடியாது. மதியம் மூன்று மணிக்கு மாற்றுங்கள் என்று நானும் டெய்லர் அக்காவும் எழுதியே கொடுத்திருக்கிறோம், தேதி போட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி. அவர் கற்றுக்கொடுத்ததுதான். "பரிசீலிக்கப்படும்" என்று எழுதிக் கொடுத்தார், பாருங்கள், ஆபீஸ் பழக்கம் யாரை விட்டது.

சில்லறைக் குறைகள்: கொடுக்கிற நோட்ஸ் எல்லாம் டோனர் தீர்ந்த மெஷினில் எடுத்தது, பாதி எழுத்து தெரியாது. நானே இலவசமாக எடுத்துத் தருகிறேன் என்று சொன்னதற்குச் சிரித்தாரே தவிரக் கொடுக்கவில்லை. பாப்பாரப்பட்டிக்கு ஒரு நாள் கூட்டிப் போனார்கள், சுப்பிரமணிய சிவா 1925-இல் காலமான ஊர். நினைவிடம் பார்த்தோம், போட்டோ எடுத்தோம், சாப்பிட்டோம், வந்தோம். அங்கே பாடம் என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, வேனுக்குத் தனியாக நூறு ரூபாய் வாங்கினார்கள். கேட்கிற கேள்விக்குப் பதில் ஆமாம் இல்லை என்று வராது, அவர் வேலை பார்த்த கல்லூரியில் ஆரம்பித்து, பி.எட். ஒரு வருடப் படிப்பாக இருந்து இரண்டு வருடமானது வரை ஒரு சுற்று சுற்றித்தான் வரும். அவசரக்காரர்களுக்கு ஆகாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். வார்டு உறுப்பினர் ஆக ஆசை இருக்கிறவர்கள், மகளிர் குழுவில் கணக்குப் பார்க்கிறவர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் பேருக்கு இருக்கிற பெற்றோர், இவர்களெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். சமூக அறிவியல் நடத்துகிற ஆசிரியர்கள் கட்டாயம் போக வேண்டும், கிருஷ்ணகிரியிலிருந்தும் இரண்டு டீச்சர்கள் பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த பேட்ச் பொங்கல் கழித்து என்று சொன்னார்கள். போகிறவர்கள் வாக்காளர் அட்டை நகலும் கடைசியாகக் கட்டிய வீட்டு வரி ரசீதும் எடுத்துப் போங்கள், மூன்றாவது வாரம் கேட்பார், இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பி எடுத்து வரச் சொல்வார். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, கைப்பிடி ஒரு பக்கம்தான், மூட்டு வலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வண்டியை டீக்கடைக்கு முன்னால் நிறுத்தினால் கடைக்காரர் கத்துவார், பின் சந்தில் இடம் இருக்கிறது.